பிளாக்லெட்டர் எந்தப் பெட்டியில் வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிடிபி வேலையோடு எழுத்துரு வகுப்பும் எடுக்கிறேன். செரிஃப் (கோட்டு முனையில் சின்னக் கால் வைத்த எழுத்து), சான்ஸ் செரிஃப் (அந்தக் கால் இல்லாத மொட்டை எழுத்து), ஸ்கிரிப்ட் (கையெழுத்து மாதிரி எழுத்து) என்று பலகையில் மூன்று பெட்டி போட்டு முடிப்பதற்குள் யாராவது ஒருவர் கையைத் தூக்கிவிடுவார்: "சார், அந்த சர்டிஃபிகேட் எழுத்து இதுல எங்க வரும்?" அவர் கேட்பது பிளாக்லெட்டரை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி வாய் வலித்துப்போனதால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டுப் பதிலையும் எழுதி வைத்துவிட்டேன்.

பிளாக்லெட்டர்னா எது? நான் பார்த்திருக்கேனா?

பார்க்காமல் இருக்க வாய்ப்பே இல்லை. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பெயர் எழுதப்பட்டிருக்கும் எழுத்து அதுதான். பட்டச் சான்றிதழின் ஆங்கிலத் தலைப்பு, ஹெவி மெட்டல் குழுக்களின் டி-ஷர்ட், பச்சை குத்தும் கடையின் மாதிரி ஆல்பம் என்று எங்கும் இருக்கிறது. கம்ப்யூட்டரில் பெரும்பாலோருக்கு அது 'ஓல்ட் இங்கிலீஷ் டெக்ஸ்ட்' என்ற பெயரில் அறிமுகம்.

12-ஆம் நூற்றாண்டு வாக்கில் வட ஐரோப்பாவில் புத்தகம் எழுதுகிறவர்களின் கையில் இது உருவானது. அதற்கு முன் இருந்த கரோலிஞ்சியன் எழுத்து உருண்டையாக, இடம் விட்டு நிற்கும். அதை நெருக்கி, ஒடுக்கி, உயர்த்தி எழுதத் தொடங்கினார்கள். பட்டையாக வெட்டிய இறகுப் பேனாவால் வளைவை ஒரே இழுப்பில் போடாமல், சின்னச் சின்ன நேர்க்கீற்றுகளாக ஒடித்து ஒடித்துப் போட்டார்கள். அந்த ஒடிவுதான் இந்தக் குடும்பத்தின் அடையாளம். ஜெர்மன்காரர்கள் இதை 'உடைந்த எழுத்து' என்றே சொல்கிறார்கள். கை எலும்பு முறிந்தால் டாக்டர் சொல்கிற 'ஃபிராக்சர்', ஜெர்மன் எழுத்தான 'ஃபிராக்டூர்' இரண்டுக்கும் வேர் ஒரே லத்தீன் சொல்.

அப்போ இது செரிஃபா, சான்ஸ் செரிஃபா?

இரண்டும் இல்லை. பரோட்டாவைக் காட்டி 'இது இட்லி வகையா, தோசை வகையா?' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? இட்லி, தோசை என்கிற பிரிவு அரைத்துப் புளித்த மாவுக்குள் செல்லும். பரோட்டா வேறு மாவு.

செரிஃப் உண்டா இல்லையா என்பதும் ரோமன் குடும்பத்துக்குள், அதாவது இன்று நாம் ஆங்கிலம் படிக்கிற வழக்கமான எழுத்துக்குள், கேட்க வேண்டிய கேள்வி. முந்தைய பதிலில் சொன்ன கரோலிஞ்சியன் எழுத்துதான் இருவருக்கும் பொதுவான மூதாதை. வடக்கே அது பிளாக்லெட்டராக ஒடிந்தது. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர்கள் அந்த ஒடிவு பிடிக்காமல் பழைய உருண்டை எழுத்துக்கே திரும்பினார்கள். நிக்கோலா ஜென்சன் 1470-இல் வெனிஸில் வார்த்த ரோமன் அச்சு அந்த வழியில் வந்தது. ஆக ரோமனும் பிளாக்லெட்டரும் அண்ணன் தம்பி, அதிலும் பிளாக்லெட்டர்தான் மூத்தது. சில பிளாக்லெட்டர்களில் காலடியில் வைரக்கல் போல ஒரு முனை இருக்கும். அதைப் பார்த்து 'செரிஃப்தான்' என்று சாதிப்பவர்கள் உண்டு. அது பேனா திரும்பிய இடம், அவ்வளவே.

பேனாவில் எழுதினதுதானே, ஸ்கிரிப்ட் பெட்டியில போட்டா என்ன தப்பு?

நல்ல கேள்வி. பெரியவர்களே அப்படித்தான் ஆரம்பித்தார்கள். பிரான்சின் மாக்ஸிமிலியன் வாக்ஸ் 1954-இல் எழுத்துருக்களை ஒன்பது வகையாகப் பிரித்தபோது, பிளாக்லெட்டரைக் கையால் வரைந்த எழுத்துகளோடு சேர்த்து ஒரே பெட்டியில் தள்ளிவிட்டார். சர்வதேச அச்செழுத்துச் சங்கமான ஏ-டைப்-ஐ 1962-இல் அந்த முறையை ஏற்றபோது அதற்குத் தனிப் பெட்டி கொடுத்தது. பிரிட்டிஷ் தரநிலை 1967-இல் வந்தது, அதில் மறுபடி தனிப் பெட்டி இல்லை. நடுவில் 1964-இல் வந்த ஜெர்மன் தரநிலை டிஐஎன் 16518 மட்டும் பத்தாவது பிரிவு முழுவதையும் இதற்கே ஒதுக்கி, உள்ளே ஐந்து அறைகளும் கட்டியது. வீட்டில் வைத்துப் புழங்கியவனுக்குத்தான் பாத்திரத்தின் பெயரெல்லாம் தெரியும்.

என் கட்சி ஜெர்மன் கட்சி. ஸ்கிரிப்ட் என்பது அச்சு உலகத்துக்குள் கையெழுத்தைப் போல நடிக்கிற எழுத்து. பிளாக்லெட்டர் எதையும் நடிக்க வரவில்லை. 1455 வாக்கில் மைன்ஸ் நகரில் குட்டன்பெர்க் அச்சிட்ட 42 வரி பைபிளே அதில்தான் இருக்கிறது. அதன் பிறகும் ஜெர்மனியில் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் நாவல், செய்தித்தாள், சமையல் புத்தகம் எல்லாம் அதில் படித்தார்கள். பேனாவிலிருந்து வந்தது என்பதுதான் காரணம் என்றால் ரோமனும் பேனாவிலிருந்து வந்ததுதான். அப்புறம் கேரமாண்ட் போன்ற புத்தக செரிஃப் எழுத்தையும் ஸ்கிரிப்ட் பெட்டியில் போட வேண்டியிருக்கும்.

கோதிக்னா இதுதான்னு சொல்றாங்க. ஆனா ஃபிராங்க்லின் கோதிக் மொட்டையா இருக்கே?

'கோதிக்' என்ற சொல்லால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தாலிய மறுமலர்ச்சிக்காரர்களுக்கு அது ஒரு வசவு, 'காட்டுமிராண்டி கோத்துகளின் பாணி' என்று பொருள். கட்டடத்துக்கும் எழுத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கோத் மக்களுக்கென்று 4-ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா உருவாக்கிய எழுத்து முற்றிலும் வேறு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அமெரிக்க அச்சு வார்ப்பகங்கள் 19-ஆம் நூற்றாண்டில் செரிஃப் இல்லாத எழுத்தைக் 'கோதிக்' என்று விற்றன. ஃபிராங்க்லின் கோதிக், நியூஸ் கோதிக் எல்லாம் அந்த வழக்கு. ஜப்பானிலும் இன்றுவரை மொட்டை எழுத்துக்கு அதுவே பெயர். எனவே வாடிக்கையாளர் 'கோதிக் வேணும்' என்றால், நியூயார்க் டைம்ஸ் மாதிரியா, செய்தித் தலைப்பு மாதிரியா என்று காட்டிக் கேட்டுவிடுங்கள்.

ஓல்ட் இங்கிலீஷ்னா பழைய ஆங்கில மொழிக்கான எழுத்தா?

இல்லை. பழைய ஆங்கிலம் என்கிற மொழி பிளாக்லெட்டர் வருவதற்கு முன்பே வேறு வகை எழுத்தில் எழுதப்பட்டது. இங்கிலாந்தில் அச்சு வந்த காலத்தில் பிளாக்லெட்டர் புழக்கத்தில் இருந்தது, 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிள்கூட அதில்தான் அச்சானது. பிறகு ரோமன் ஜெயித்தது. பழைய பாணி என்ற ஞாபகம் மட்டும் மிஞ்சி, வார்ப்பகங்களின் விற்பனைப் பெயராகிவிட்டது.

ஃபிராக்டூர், பிளாக்லெட்டர் ரெண்டும் ஒண்ணுதானே?

ஃபிராக்டூர் எல்லாம் பிளாக்லெட்டர். பிளாக்லெட்டர் எல்லாம் ஃபிராக்டூர் அல்ல. குடும்பத்துக்குள் நான்கு பெரிய கிளைகள்: டெக்ஸ்டூரா, ரோட்டுண்டா, ஷ்வாபாகர், ஃபிராக்டூர்.

டெக்ஸ்டூரா என்றால் நெசவு. குட்டன்பெர்க் பைபிள் இந்தக் கிளை. கோடும் இடைவெளியும் ஒரே அகலத்தில் மாறி மாறி வர, பக்கமே தறியில் ஓடும் பாவு போல இருக்கும். ரோட்டுண்டா இத்தாலி, ஸ்பெயின் பக்கம் வளர்ந்த உருண்டை முகம். ஷ்வாபாகர் 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியில் வந்தது, லூதர் 1522-இல் வெளியிட்ட புதிய ஏற்பாடு இதில் அச்சானது. ஃபிராக்டூர் அரண்மனைப் பிள்ளை. பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியனுக்காக அச்சான 1513-இன் பிரார்த்தனைப் புத்தகத்திலும் 1517-இன் 'தோயர்டாங்க்' காவியத்திலும் அது உருப்பெற்றது. பெரிய எழுத்துகளின் இடது பக்கம் வளைந்து தொங்கும் கீற்றை ஜெர்மன்காரர்கள் 'யானைத் தும்பிக்கை' என்கிறார்கள். ஒருமுறை அந்தப் பெயரைக் கேட்டுவிட்டால் பிறகு வேறெப்படியும் பார்க்க முடிவதில்லை.

ஜெர்மன் தரநிலையின் ஐந்தாவது அறை 'ஃபிராக்டூர் வகைகள்'. நாலிலும் அடங்காததைப் போட்டுவைக்கும் பரண்.

நாலையும் கண்ணால பார்த்து எப்படிப் பிரிக்கிறது?

சின்ன எழுத்து 'ஓ' ஒன்றை மட்டும் பாருங்கள். ஆங்கில வட்ட எழுத்தைச் சொல்கிறேன். எத்தனை உடைத்திருக்கிறார்கள் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு பக்கமும் நேர்கோடாக, அறுகோணத்தை நெட்டுக்கு இழுத்தது போல இருந்தால் டெக்ஸ்டூரா. இரண்டு பக்கமும் வளைந்து உருண்டு இருந்தால் ரோட்டுண்டா. இரண்டு பக்கமும் வளைந்து, மேலும் கீழும் மட்டும் கூராகச் சந்தித்தால், அதாவது பாதாம் பருப்பு மாதிரி இருந்தால், ஷ்வாபாகர். இடது பக்கம் ஒடிந்து, வலது பக்கம் வளைந்திருந்தால் ஃபிராக்டூர். வகுப்பில் இதைச் சொன்னதும் எல்லோரும் செல்போனை எடுத்து நாளிதழ் தலைப்புகளைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். நீங்களும் செய்யுங்கள். பத்து மாதிரி பார்த்தால் கண் பழகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: இந்தச் சோதனை சின்ன எழுத்துக்கு மட்டும். பெரிய எழுத்துகளை ஒவ்வொரு வார்ப்பகமும் தன் இஷ்டத்துக்கு அலங்கரித்திருக்கும், அவற்றை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

படிக்கவே முடியலையே, இதை எப்படி ஐந்நூறு வருஷம் படிச்சாங்க?

பழக்கம்தான். ஆனால் உங்கள் கஷ்டமும் பொய்யில்லை. லத்தீன் சொல்லான 'மினிமம்' ஒன்றை டெக்ஸ்டூராவில் எழுதினால் ஒரே மாதிரி பதினைந்து நேர்க்கோடுகள் வரிசையாக நிற்கும். எது 'எம்', எது 'என்', எது 'யூ' என்று எண்ணித்தான் பிரிக்க வேண்டும். ஜன்னல் கம்பியை எண்ணுகிற மாதிரிதான். 'ஐ' எழுத்தின் மேல் ஒரு சின்னக் கீற்று போடும் வழக்கம் கையெழுத்துப் பிரதிகளில் பரவியதற்கு இந்தக் கம்பிக் குழப்பம் ஒரு காரணம்.

ஃபிராக்டூர் இதைவிட எவ்வளவோ மேல். ஒடிவும் வளைவும் கலந்திருப்பதால் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி முகம் உண்டு.

கல்யாணப் பத்திரிகையில பேரை முழுக்க கேப்பிட்டல்ல போட்டா அசிங்கமா இருக்கே, ஏன்?

என்னிடமும் ஒரு பத்திரிகை வந்தது. மணமகள் பெயர் ஓல்ட் இங்கிலீஷில், முழுக்கப் பெரிய எழுத்து. ஏழு எழுத்துக்கு ஏழு தோரணவாயில். அச்சாகி வந்த பிறகு பெண்ணின் தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "யார் பேருப்பா இது?" என்றார். மாற்றி அடித்துக் கொடுத்தோம், காகிதச் செலவு என் கணக்கில்.

பிளாக்லெட்டரின் பெரிய எழுத்து, வாக்கியத்தின் வாசலில் ஒன்றாக நிற்கப் பிறந்தது. பின்னால் சின்ன எழுத்துகள் கம்பிபோல வரும் என்ற நம்பிக்கையில்தான் அதை அவ்வளவு சுழித்து வரைந்திருக்கிறார்கள். ரோமனின் பெரிய எழுத்துக்கு கல்வெட்டுப் பரம்பரை உண்டு, தனித்து வரிசையாக நிற்கும். இதற்கு அது கிடையாது. முதல் எழுத்து மட்டும் பெரிது, மற்றது சின்னது: வேறு வழியில்லை.

இதுக்கு இட்டாலிக் உண்டா?

பரம்பரையில் இல்லை. மென்பொருளில் சாய்வுப் பொத்தானை அமுக்கினால் சாயும். சாய்க்காதீர்கள், காற்றில் விழுந்த வேலி மாதிரி இருக்கும்.

ஒரு சொல்லை அழுத்திக் காட்ட ஜெர்மன் அச்சுக்காரர்கள் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினார்கள். அப்போதும் 'சி-ஹெச்', 'சி-கே', 'டி-இசட்' போன்ற கூட்டெழுத்துகளைப் பிரிக்கக் கூடாது என்பது விதி. ஃபிராக்டூர் பத்திக்குள் ஷ்வாபாகரைக் கலந்தும் அழுத்தம் கொடுத்தார்கள். பிரெஞ்சு, லத்தீன் சொல் வந்தால் அந்தச் சொல்லை மட்டும் ரோமனில் போட்டார்கள்.

'எஸ்' வர வேண்டிய இடத்துல 'எஃப்' இருக்கு. ஃபான்ட்ல கோளாறா?

கோளாறு இல்லை, அது நீள 'எஸ்'. சொல்லின் முதலிலும் நடுவிலும் நீளமானதும், சொல்லின் கடைசியில் உருண்டையானதும் வரும். உற்றுப் பார்த்தால் 'எஃப்'பின் குறுக்குக்கோடு அதில் முழுதாக வெட்டிப் போகாது. இது பிளாக்லெட்டரின் தனிச்சொத்தும் அல்ல, 18-ஆம் நூற்றாண்டு வரை ஆங்கில ரோமன் அச்சிலும் இருந்தது. இதை வைத்து வகை பிரிக்க முடியாது.

இது நாஜி ஃபான்ட்டாமே? கம்பெனி லோகோவுக்குப் போடலாமா?

நாஜிகள் முதலில் இதைத் தூக்கிப் பிடித்தது உண்மை. அதைத் தடை செய்ததும் அவர்களே. 1941 ஜனவரி 3 அன்று நாஜி கட்சித் தலைவர்களில் ஒருவரான மார்ட்டின் போர்மன் விட்ட சுற்றறிக்கை, 'கோதிக் எழுத்து என்று சொல்லப்படுவது உண்மையில் யூத ஷ்வாபாகர் எழுத்து' என்று சொல்லி ரோமனை இயல்பான எழுத்தாக அறிவித்தது. வரலாற்றில் அதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சுற்றறிக்கைத் தாளின் தலைப்பே பிளாக்லெட்டரில் அச்சாகியிருந்தது. போரில் கைப்பற்றிய நாடுகளிலெல்லாம் இந்த எழுத்தைப் படிக்க ஆளில்லை என்பது நடைமுறைக் காரணமாக இருந்திருக்கும் என்பதைப் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

சண்டை அதற்கு முன்பே பழையது. ரோமனா ஃபிராக்டூரா என்று 1911-இல் ஜெர்மன் நாடாளுமன்றத்திலேயே விவாதம் நடந்தது. போருக்குப் பிறகும் எழுத்து சாகவில்லை. ஃபிராங்க்ஃபுர்ட்டர் ஆல்கமைன நாளிதழ் 2007 வரை கருத்துப் பத்தித் தலைப்புகளை ஃபிராக்டூரில் போட்டது, அதன் பெயர்ப்பலகை இன்றும் அப்படியே. எனவே லோகோவுக்குப் போடலாம். ஆனால் எந்தக் கிளை, எந்தக் காலத்து வார்ப்பு என்று பார்த்துப் போடுங்கள். காரணம் அடுத்த பதிலில்.

டானன்பெர்க்னு ஒண்ணு பார்த்தேன். ஒடிவும் இருக்கு, சான்ஸ் மாதிரியும் இருக்கு. இது எந்தப் பெட்டி?

வகுப்பில் இதைக் கேட்கிறவரை நான் கவனித்து வைத்துக்கொள்வேன், பாடம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். எரிக் மேயர் வடிவமைத்து 1930-களில் ஸ்டெம்பல் வார்ப்பகம் வெளியிட்ட எழுத்து டானன்பெர்க். டெக்ஸ்டூராவின் எலும்புக்கூட்டை எடுத்து, அலங்காரத்தையெல்லாம் வழித்துவிட்டு, கோடுகளை ஒரே தடிமனுக்குக் கொண்டுவந்தார்கள். அதே காலத்தில் இப்படிப் பல வந்தன. கேலிக்காரர்கள் இவற்றுக்கு 'பூட்ஸ்கால் சான்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். பெர்லின் எஸ்-பான் சுரங்க நிலையங்கள் சிலவற்றின் சுவரில் டானன்பெர்க்கை இப்போதும் பார்க்கலாம். நாஜி காலத்து நெடி அடிப்பது பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில்தான்.

பெட்டி? பத்தாவது பிரிவு, டெக்ஸ்டூரா அறை என்பேன். மேல்பூச்சைப் பார்த்து வகை பிரிக்கக் கூடாது, எலும்பைப் பார்க்க வேண்டும். 'ஓ'வைப் பார்த்தால் இரண்டு பக்கமும் நேர், அது டெக்ஸ்டூராதான். எதிர்க்கட்சிக்காரர்கள் தோற்றம்தான் முக்கியம், அதனால் இதைக் கலப்பு வகை என்று எழுத வேண்டும் என்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, பெட்டி மேல் இரண்டு லேபிள் ஒட்டினால் யாரும் அபராதம் போடப்போவதில்லை.

செல்டிக் எழுத்து, அயர்லாந்து பப் போர்டுல வர்றது, அதுவும் இதுதானா?

இல்லை. அது அன்சியல், இன்சுலர் என்கிற பழைய உருண்டைக் கையெழுத்துகளின் வழியில் வந்தது, வளைவுகள் ஒடியாது. எழுத்துமுறைகளுக்குக் குறியீடு கொடுக்கும் ஐஎஸ்ஓ 15924 தரநிலையே லத்தீன் எழுத்தின் ஃபிராக்டூர் வடிவத்துக்கு ஒரு குறியீடும் கேலிக் (அயர்லாந்து) வடிவத்துக்கு இன்னொரு குறியீடும் தந்திருக்கிறது.

கணக்குப் புத்தகத்துல வர்ற ஃபிராக்டூர் எழுத்து யூனிகோட்ல தனியா இருக்கே. அப்போ அது வேற எழுத்துன்னுதானே அர்த்தம்?

கணிதத்துக்கு மட்டும். லீ இயற்கணிதம் என்கிற உயர்கணிதக் கருத்தைக் குறிக்க ஃபிராக்டூர் 'ஜி' போடுகிறார்கள். அங்கே சாதாரண 'ஜி' வேறு பொருள், ஃபிராக்டூர் 'ஜி' வேறு பொருள். வடிவம் மாறினால் பொருளே மாறுவதால் தனி இடம் கொடுத்தார்கள். பெரும்பாலானவை 2001-இல் சேர்ந்தன. சாதாரண ஜெர்மன் வாக்கியத்துக்கு அந்தக் குறியீடு கிடையாது, வழக்கமான எழுத்தைத் தட்டி ஃபான்ட்டை மாற்ற வேண்டியதுதான்.

இன்ஸ்டாகிராம் பயோவில் 'ஸ்டைல் டெக்ஸ்ட்' என்று ஒட்டுகிறீர்களே, அது இந்தக் கணிதக் குறிகள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதை உங்கள் பெயராக வாசிக்காமல் திணறும்.

வெப்சைட்ல எந்த வகைன்னு எழுதணும்?

இணையப் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ் ஆரம்பத்திலிருந்து தந்த பொது வகைகள் ஐந்து: செரிஃப், சான்ஸ் செரிஃப், கர்சிவ், ஃபான்டசி, மோனோஸ்பேஸ். பிளாக்லெட்டர் இல்லை. ஃபான்டசி என்று போட்டால் உலாவி தன்னிடமுள்ள ஏதாவது அலங்கார எழுத்தைக் காட்டும். ஃபான்ட் கோப்பைத் தளத்திலேயே ஏற்றிவிட்டு, மாற்றாக செரிஃப் என்று எழுதுங்கள். கொள்கைப்படி தப்பு (இரண்டாவது கேள்வி), நடைமுறையில் பிழைப்பு நடக்கும்.

தமிழ்ல பிளாக்லெட்டர் உண்டா?

அந்தப் பாணியில் கூர்மையாக வரைந்த தலைப்பெழுத்துகள் உண்டு. பரம்பரை என்று பார்த்தால் கிடையாது. பிளாக்லெட்டரின் ஒடிவு பட்டைப் பேனாவின் பழக்கம். நம் எழுத்தின் வளைவு ஓலையில் எழுத்தாணி ஓடிய பழக்கம். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் அச்செழுத்து வார்த்து அனுப்பினார்கள், 1713-இல் இங்கே வந்து சேர்ந்தது. மிஷன் அறிக்கைகளை ஜெர்மனில் ஃபிராக்டூராக அச்சிட்டு வந்த ஊர் அது. அங்கே வார்த்தும்கூடத் தமிழ் எழுத்தை யாரும் உடைக்கவில்லை.

இதைக் கேட்டவுடன் அடுத்த கேள்வி தானாக வரும்: 'அப்போ தமிழ் எந்தப் பெட்டி?' ஜெர்மன் தரநிலையில் பிளாக்லெட்டர் பத்தாவது பிரிவு, அதற்குள் ஐந்து அறை. பதினொன்றாவது பிரிவின் பெயர் 'அந்நிய எழுத்துகள்'. கிரேக்கம், அரபி, சீனம், தமிழ் எல்லாம் அந்த ஒரே கொட்டகையில். நம்முடைய சதுர முகம், உருண்டை முகம், மெல்லிசு, தடிப்பு எதற்கும் அங்கே தனி அறை இல்லை. ஏ-டைப்-ஐ 2021-இல் வாக்ஸ் முறைக்குத் தந்திருந்த ஏற்பைத் திரும்பப் பெற்றது. லத்தீன் அல்லாத எழுத்துகளை அது சரியாகக் கையாளவில்லை என்ற குறையும் அதன் பின்னால் இருந்தது. பலகையில் அந்தப் பெட்டிகளை நான் இன்னும் போடுகிறேன், பதினொன்றாவதை மட்டும் புள்ளிக்கோட்டில்.